சல்லடையின் மேல் நின்ற கடல்

தேநீர் வடிகட்டியைத் தட்டிக் கழுவ நான் குழாயடிக்குப் போனபோது, பின்னாலிருந்து ஸ்டெல்லா சொன்னாள்: "ஏய் டைரிக்காரி, மேல நிக்கிறதப் பாத்துக் கொட்டு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வடிகட்டியைக் கழுவி, துடைத்து, ஆணியில் மாட்டிய பிறகுதான் திரும்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை, கொட்டகலையில் என் வீட்டுச் சமையலறையில், காலை பத்து இருபதுக்கு நடந்தது இது. நேரத்தைக்கூட எழுதி வைத்திருக்கிறேன். என் வியாதி அது.

ஸ்டெல்லா மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் என் அறையில் இருந்தவள். இப்போது ஒரு குளிர்நாட்டில் இருக்கிறாள். கப்பலில் போய், கடலடியில் நீளக் குழாயை இறக்கிச் சேற்றை எடுத்து, அதில் கிடக்கும் மணலைவிடச் சிறிய ஓடுகளைப் பார்த்து, பல ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் அந்தக் கடல் எவ்வளவு சூடாக இருந்தது, அதன்மேல் காற்று எப்படி அடித்தது என்று சொல்வது அவள் தொழில். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவள் வருவாள். வந்து போன பிறகு ஒரு வாரம் எனக்கு வயிறு எரியும். இதை மறைப்பதென்றால் டைரி எதற்கு? அவளுடைய மழைச்சட்டையின் மடிப்பில் உப்புப் பூத்திருக்கிறது. என்னுடையதில் பூஞ்சணம்.

அந்த ஓடுகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நுணுக்குக்காட்டியில் வைத்தால் சோளப்பொரி போல, குமிழ் குமிழாக ஒட்டிக்கொண்டு வெள்ளையாக இருக்கும். ஒரே உயிரணுவால் ஆன ஜீவன்களின் வீடுகள் அவை. செத்ததும் ஓடு மெல்லக் கீழே இறங்கிச் சேற்றில் படிந்துவிடும். சிலவற்றுக்கு வெதுவெதுப்பான நீர்தான் பிடிக்கும். இன்னொரு வகை, காற்று பலமாக அடித்து, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும்போது பெருகும். தென்மேற்குக் காற்றுத்தான் அதற்கு வேண்டும். மஸ்கெலியாவில் கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிறதே, அதே காற்று.

எனக்கு எரிவது இங்கேதான். முப்பது வருடமாக நான் ஒரு நாள் விடாமல் மழையும் வெயிலும் எழுதி வருகிறேன். கடல் என்னைவிட ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்கக் கொடுத்துவைத்தவளோ, வாழ்நாளில் ஒரு பக்கம் டைரி எழுதாத ஸ்டெல்லா. அந்த நாளில் அவள் படுக்கையைக்கூட நான்தான் மடித்து வைப்பேன்.

வடிகட்டியில் ஒட்டிய தூளின் வாசனைக்கு அப்பா நினைவில் வந்துவிடுவார். அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் அவருக்குச் சல்லடைப் பகுதியில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். சோற்றுப் பெட்டி கொண்டுபோனால், புருவமெல்லாம் தூளாக நிற்பார். மெசினில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சல்லடைகள் ஆடிக்கொண்டிருக்கும். ஒருநாள் மேல்தட்டில் நின்றதை நான் அள்ளப் போனேன். "அது குச்சியும் நாரும். கீழ விழுறதுதாம்மா தேயில" என்றார். ஸ்டெல்லாவின் அம்மாவும் ஸ்டோரில்தான் வேலை பார்த்தார். எங்கள் இருவருக்கும் சல்லடை என்றால் இவ்வளவுதான்: கீழே விழுவது சரக்கு, மேலே நிற்பது குப்பை.

கடைசி வருடத்தில், எங்களுக்குப் படிப்பித்த சிங்கள மெடத்துக்கு வெளிநாட்டுக் கப்பல் ஒன்று எடுத்த கடற்சேற்றில் ஒரு பங்கு கிடைத்தது. ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் ஆளுக்கு ஆறு பொட்டலம் தந்தார். ஒவ்வொன்றிலும் ஆழம் குறித்திருக்கும். கழுவி ஓடுகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நன்றாகச் செய்பவர் ஒருவர் அந்த நாட்டுக்கே போய் மேலே படிக்கலாம். அந்த இடம் எனக்குத்தான் என்று வகுப்பே சொல்லியது. நானும் நம்பியிருந்தேன்.

கழுவும் முறையை மெடம் செய்து காட்டிய காலையில் நாங்கள் இருவரும் இல்லை. தீபாவளி முடிந்து வந்த ரயில், மண் சரிந்து வழியில் நின்றுவிட்டது. மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது, சல்லடையில் கழுவணும், அவ்வளவுதான் என்றார்கள் மற்றவர்கள். யாரிடமாவது விவரமாகக் கேட்கலாம் என்று நான் இழுத்தேன். "நம்மளுக்கா சல்லடையக் காட்டணும்?" என்றாள் ஸ்டெல்லா. எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

அன்று மாலைக்குள் ஆறையும் முடித்தேன். கீழே இறங்கிய சேற்றுநீரை ஒரு சொட்டுச் சிந்தாமல் பிடித்து, ஆறு போத்தலில் ஊற்றி, சீட்டு ஒட்டினேன். மேலே நின்ற வெள்ளைப் பொடியை ஒவ்வொரு முறையும் தொட்டியில் குழாயைத் திறந்து அடித்து விட்டேன். சல்லடையைப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஸ்டெல்லா ஒரே ஒரு பொட்டலத்தை முடித்துவிட்டுத் தலைவலி என்று போய்விட்டாள். அவள் வாளி மேசைக்கடியில் அழுக்காகவே கிடந்தது.

மறுநாள் போத்தல்களை வரிசையாக வைத்தேன். மெடம் ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சல்லடையில் நின்றது எங்கே என்று கேட்டார். கொட்டிவிட்டேன் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அனே துவே" என்று மட்டும் சொன்னார், அடடா மகளே என்பது போல. நான் கொட்டிய வெள்ளைப் பொடிதான் ஓடுகள்; அந்த ஆழத்துச் சேறு வேறெங்கும் மிச்சமில்லை. அரை மணி நேரத்தில் ஸ்டெல்லா தன் முதல் பொட்டலத்தின் வெள்ளைப் பொடியை, சரியாக, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். இடம் அவளுக்குப் போனது.

இவளுக்கு முறை தெரிந்திருக்கிறது, தெரிந்தும் என்னிடம் சொல்லவில்லை என்று நான் இருபத்தாறு வருடம் நினைத்திருந்தேன். ஒருமுறைகூட அவளிடம் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேநீரைக் கையில் கொடுத்ததும் அவளே தொடங்கினாள்.

"ஒன்னு சொல்லுவேன், ஏசக் கூடாது. நானும் மேல நின்னதத்தான்டி கொட்டினேன். வாளியில. நீ மெடத்துக்கிட்ட நிக்கிறப்பதான் எனக்கு வெளங்கிச்சு. ஓடிப்போய்ப் பாத்தா, வாளி அப்படியே கெடந்துச்சு."

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் விட்டுட்டு வேற ஆள அனுப்பியிருப்பாங்க." தேநீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வாளியக் கழுவி வையின்னு ஒன்ன எத்தன தடவ ஏசியிருக்கேன்" என்றேன்.

"நல்ல காலம், அன்னைக்கு நீ ஏசல."

ஏசாததற்குக் காரணம் இருந்தது. என் போத்தல்களுக்குச் சீட்டு எழுதி முடிக்கையில் இருட்டிவிட்டது. இன்னும் கால் மணி நேரம் கிடைத்திருந்தால் அவள் வாளியையும் நானே கழுவியிருப்பேன். இத்தனை வருடம் பொத்திவைத்த கோபம் இனி ஆகாது. பொறாமை மட்டும் மிச்சம், அதுவும் ஒரு கழுவாத வாளியின் மேல்.

போவதற்கு முன் தொலைபேசியில் ஒரு படம் காட்டினாள். அந்தக் கடலின் சூடு ஏறி இறங்கியதைக் காட்டும் கோடு. எங்கள் மலைப் பாதை போல வளைந்து வந்து, ஓரிடத்தில் அறுந்து, கொஞ்சம் தள்ளித் திரும்பவும் தொடங்கியது. இடைவெளி ஒரு நெல்மணி அகலம் இருக்கும். விரலை வைத்தேன்.

"ஒன்னோட ஆறு பொட்டலம்" என்றாள். "எங்க காட்டினாலும் இதத்தான் மொதல்ல கேப்பாங்க. சாம்பிள் இல்லைன்னு சொல்லிருவேன்."

எத்தனை தென்மேற்குப் பருவங்கள் அதற்குள் இருந்தனவோ. அப்பாவின் ஸ்டோரை மூடிவிட்டார்கள். மெசினைக் கழற்றி ஏற்றிய நாள்கூட என் டைரியில் இருக்கிறது. அந்த ஆறு பொட்டலத்துக் காற்றும் மழையும் இனி எந்தச் சேற்றிலும் இல்லை.

அவளை ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, அலுமாரியிலிருந்து அந்த வருடத்து டைரியை எடுத்தேன். என் கையெழுத்து இன்றைவிட அழகாக இருந்தது.

"மழை இல்லை. ஆறு பொட்டலமும் முடிந்தது. சல்லடை, தொட்டி எல்லாம் சுத்தம்."