நாலாவது இடமும் நான் காட்டிய கணக்கும்

1. நாற்பத்திரண்டுக்குப் பூச்சியம்

எண்பத்தைந்தில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வாரப் பத்திரிகையில் சேர்ந்தேன். சனிக்கிழமை காலையில் கோச்மாருக்குப் போன் எடுத்து, உயர்பள்ளி ஃபுட்போல் ஸ்கோர்களை எழுதி, எல்லாப் பள்ளிகளிலும் முதல் பத்தை வரிசைப்படுத்துவதுதான் என் வேலை. ஃபுட்போல் என்றால் உதைபந்தாட்டம் என்றே நினைத்திருந்தேன். முதல் நாளே ஒரு கோச் "நாற்பத்திரண்டுக்குப் பூச்சியம்" என்றார். இப்படியும் கோல் விழுமா? காதில் பிழையாக விழுந்தது என்று நினைத்து, நாலுக்கு இரண்டு என்று போட்டுவிட்டேன். பந்தைக் கையில் ஏந்தி ஓடி, கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி கிடைக்கும் ஆட்டம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

"இன்னொரு பிழை என்றால் வேறு வேலை தேடிக்கொள்" என்றார் எடிட்டர். மார்கழி வாடகை அந்த வேலையில்தான் தங்கியிருந்தது.

2. வெட்டிய மார்க்ஸ்

கடைசிப் பட்டியலில் முதல் நாலு பள்ளிகளுக்கு அந்த வருடம் ஓர் அழைப்புப் போட்டி. ஆறு ஆட்டம் வென்று ஒன்றில் தோற்ற பள்ளியை நாலாவதாகவும், ஐந்து வென்று இரண்டில் தோற்ற பள்ளியை ஐந்தாவதாகவும் வைத்தேன். பட்டியல் அச்சுக்குப் போக முன்பே, போனில் இதைக் கேட்ட ஐந்தாவதின் கோச் கொதித்தார். "நாங்கள் யாரோடு விளையாடினோம் என்று பார்த்தாயா?" எடிட்டரும் எதிரணிகளின் பலத்தைச் சேர்த்துப் பார் என்றார். ஸ்ட்ரெங்த் ஒஃப் ஸ்கெடியூல் என்று அதற்குப் பெயர். முடியாது என்றேன்.

அச்சுக்குப் பக்கம் ஒட்டும் வசந்தன் அண்ணைக்கு ஆச்சரியம். "ஏன் பிள்ளை உந்தப் பிடிவாதம்?"

"எடுத்த மார்க்ஸில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது அண்ணை. இலங்கையில பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த தரப்படுத்தலில நாலு மார்க்ஸால எனக்கு இன்ஜினியரிங் போனது."

"ஓம், தெரியும். அங்க நீ எங்கயிருந்து சோதினை எழுதினனி எண்டு பாத்து வெட்டினவை. இந்த எடிட்டர் மனுசன் என்ன சோதினை எழுதினது எண்டு பாக்கச் சொல்லுறார். ரெண்டும் ஒண்டே?"

எனக்குக் கோபம் வந்தது. மோர்னிங்சைட் வரை பஸ்ஸில் அவரோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். வீடு வந்தபோது தோற்றிருந்தேன்.

3. பக்கத்தில் போட்ட பெட்டி

ஞாயிறு முழுவதும் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பள்ளியின் எதிரணிகளும் மற்றவர்களோடு எத்தனை ஆட்டம் வென்றன என்று எண்ணினேன். அந்தப் பள்ளியோடு ஆடிய ஆட்டத்தை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் வென்றதற்கே தண்டனையாகிவிடும். ஐந்தாவது பள்ளியின் எதிரணிகள் முப்பது வென்றிருந்தன. நாலாவதின் எதிரணிகள் பதின்மூன்றுதான். இரண்டையும் இடம் மாற்றினேன்.

"கணக்கு முழுவதையும் பட்டியலுக்குப் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட வேண்டும்" என்று எடிட்டரிடம் அடித்துச் சொன்னேன். "பிழை இருந்தால் ஊரே பார்க்கும்" என்றார். "பார்க்கட்டும்" என்றேன்.

பத்திரிகை வந்த அன்றே, இடம் இழந்த கோச் கத்திக்கொண்டு போன் எடுத்தார். பெட்டியை வரி வரியாக வாசித்துக் காட்டினேன். அவரும் அந்தப் பக்கம் கூட்டிப் பார்த்தார். பிறகு, "உன் கணக்குச் சரி. அடுத்த வருடம் பலமான பள்ளிகளோடு ஆட்டம் கேட்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

இடம் போனது அவருக்கும் வலித்திருக்கும். ஆனால் ஏன் போனது என்று அவருக்குத் தெரியும். என் நாலு மார்க்ஸ் போன கணக்கை எனக்கு இன்றுவரை ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை.