முக்கால் கிலோ தொடைக்கறியின் வெப்பநிலை

தொண்ணூறுகளின் கடைசியில் இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் காரைக்குடியில் ஒரு கறிக்கடை வாசலில் நின்றிருக்கிறேன். வீட்டுச் சமையலுக்காக அல்ல, என் முனைவர் பட்டத்துக்காக. முக்கால் கிலோ தொடைக்கறி. எலும்பு கூடாது, சவ்வு கூடாது, முக்கியமாகக் கொழுப்பு கூடவே கூடாது. இவ்வளவுதான் நான் கேட்டது. இதைக் கடைக்கார பாய்க்குப் புரியவைப்பதற்குள் என் பாதி உயிர் போய்விட்டது.

"கொழுப்பில்லாம என்ன தம்பி கறி? வீட்டுல உங்களத்தான் வைவாக" என்பார். ஒருமுறை உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். இந்தக் கறியை மதுரைக்குக் கொண்டுபோய் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷினுக்குள் வைத்துச் சூடேற்றி, உள்ளே எவ்வளவு சூடு என்று படத்திலேயே பார்க்கப் போகிறேன் என்றேன். வரிசையில் நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"செத்த ஆட்டுக்குக் காய்ச்சல் பாக்குறீகளா?" என்றார் பாய்.

அன்றிலிருந்து நான் போய் நின்றாலே, ஆட்டுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று யாராவது கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விஷயம் அப்படியொன்றும் கஷ்டமானதல்ல. உடம்புக்குள் இருக்கும் கட்டியை லேசரால் சுட்டே பொசுக்கலாம், கத்தி வேண்டாம். ஆனால் சூடு எங்கே எவ்வளவு ஏறியது என்று தெரியாமல் சுட்டால் பக்கத்தில் இருக்கும் நல்ல சதையும் வெந்துபோகும். தசையில் இருக்கும் தண்ணீருக்கு ஸ்கேன் மெஷினில் ரேடியோ அலைவரிசை மாதிரி ஒரு சுருதி உண்டு. சூடேறினால் அது துளி இறங்கும். சுடுவதற்கு முன் ஒரு படம், சுடும்போது ஒரு படம் எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வெப்பநிலை கிடைத்துவிடும். கொழுப்புக்கு மட்டும் இந்தக் குணம் கிடையாது. என்ன சூடு ஏறினாலும் அதன் சுருதி அசையாது. அதனால்தான் நான் தனிக்கறி, தனிக்கறி என்று அடித்துக்கொண்டேன்.

இந்தப் பெருமையையெல்லாம் காரைக்குடி செக்காலையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் அளந்திருந்தேன். அக்காவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. மார்பில் ஒரு கட்டி வந்திருந்தது. அறுத்து எடுத்துவிட வேண்டும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். கத்தி என்றாலே அக்காவுக்குக் குலைநடுக்கம். சென்னையில் ஒரு டாக்டர் லேசரால் சுட்டுப் பார்க்கத் தயாராக இருக்கிறார், என் படம் சரியாக வந்தால் போதும் என்று நான் சொன்னதை நம்பி ஆபரேஷன் தேதியை இரண்டு மாதத்தில் இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தார். மூன்றாவது தேதி புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு, "நானும் வாரேன் தம்பி. என் கண்ணால பாத்துட்டு முடிவு பண்றேன்" என்று என்னோடு மதுரை பஸ் ஏறிவிட்டார்.

ஸ்கேன் சென்டரில் ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம்தான் மெஷின் எனக்குக் கிடைக்கும். அவசரமாகப் பொட்டலத்தைப் பிரித்துக் கறியைப் பிளந்தால், நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்கு வெள்ளை வெளேரென்று கொழுப்பு. தானாக இருந்ததல்ல, பாய் ஆசையாகச் செருகி வைத்தது. நான் இளைத்துப்போய்விட்டேன் என்று போன வாரமே வருத்தப்பட்டார். அந்த மனிதரின் நல்ல மனசை நினைத்து எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது. தோண்டி எடுக்கப் பார்த்தேன், கறியே கந்தலாகிவிடும் போலிருந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அப்படியே நூலால் கட்டி, உள்ளே பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மெஷினுக்குள் தள்ளி, லேசருக்குப் பதிலாக வெந்நீரை ஓடவிட்டேன்.

திரையில் குழாயைச் சுற்றி மஞ்சள் வந்தது, பிறகு சிவப்பு. இரண்டு வருடத்தில் இவ்வளவு அழகாக ஒரு நாளும் வந்ததில்லை. கொழுப்பு இருந்த இடம் மட்டும் நீலமாகவே கிடந்தது. கறியை வெளியே இழுத்து அந்த இடத்தில் தெர்மாமீட்டரைக் குத்தினேன். ஐம்பது டிகிரிக்கு மேல் காட்டியது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த எடம் ஏன் தம்பி நீலமா இருக்கு? அங்குட்டு சூடு போகலையா?"

"போயிருக்குக்கா. அது கொழுப்பு, படத்துல தெரியாது. அதை விட்ருங்க, கறிக்கடைக்காரர் பண்ணுன வேலை. எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! அடுத்த வாரம் நானே பக்கத்துல நின்னு வெட்டச் சொல்லி..."

"எனக்குக் கட்டி இருக்கிற எடம் பூராக் கொழுப்புத்தானே தம்பி?"

இத்தனை ஞாயிறும் நான் கறியைத் தேர்ந்தெடுத்தது வரைபடம் ஒழுங்காக வரவேண்டும் என்பதற்காக மட்டுமே. அந்த வரைபடங்களைத்தான் அக்காவிடம் விரித்து விரித்துக் காட்டியிருக்கிறேன். அவற்றில் எதிலும் அக்காவின் உடம்பு மாதிரி ஒன்று இல்லை. பாய் மேல் வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"கொழுப்புல தெரியாதுங்கிறது ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றார் அக்கா.

"மொதல்லேருந்தே தெரியும்க்கா."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். புதன்கிழமை வந்து படுத்துவிடுவதாக மதுரை டாக்டருக்கு அங்கிருந்தே போன் பண்ணிச் சொன்னார். பிறகு, அதுவரை தம்பி தம்பி என்றே கூப்பிட்டவர், என் முகத்தைப் பார்த்து, "அப்ப ரெண்டு மாசமா என்னைய எதுக்குடா காக்க வச்ச?" என்று கேட்டார்.