எழுதிக் கொடுக்க முடியாத வீடு

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மணல் துண்டில்தான் எல்லாரும் பிறக்கவும் கல்யாணம் முடிக்கவும் மௌத்தாகவும் வேண்டும். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீடு தும்மும். அப்படிப்பட்ட ஊரில் பிரதேச சபைக்கு ஒரே ஒரு வெற்றுக் காணி மிச்சமிருந்தது. சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டில்கள் நின்ற இடம் அது. கொட்டில்கள் போன பின் அங்கே ஆடு மேய்ந்தது, பொடியன்கள் பந்தடித்தார்கள். அந்தக் காணியில் என்ன கட்டுவது என்று முடிவெடுக்கத்தான் எங்கள் சபை ஒரு மாரிகாலம் முழுக்கக் கூடிக் கூடிக் கலைந்தது.

நான் அப்போது சபையில் உறுப்பினர். பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் வந்தவள். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய்யில்லை.

முதல் கூட்டத்தில் செயலாளர் எல்லாருக்கும் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, ஊருக்கு அவசரமான தேவைகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதித் தரச் சொன்னார். வாங்கி வாசித்தால், ஒவ்வொருவரும் தன் வீடிருக்கும் சின்னத் தெருவின், அந்த ஒழுங்கையின், வடிகானை முதலாவதாக எழுதியிருந்தார்கள். செயலாளர் நல்ல மனிதர், சிரிக்காமல் தாள்களை மடித்து வைத்தார். வடிகான்களைக் கழித்துப் பார்த்தபோது இரண்டுதான் மிஞ்சின. ஒன்று குப்பை, மற்றது வீடு.

குப்பை உண்மையிலேயே பெரிய தலையிடியாக இருந்தது. வயலுக்கு அப்பால் கொட்டுகிற இடம் நிரம்பி, யானைகள் வந்து பொலித்தீன் பைகளைக் கிளறத் தொடங்கியிருந்தன. சபையின் டிரக்டர் வராத நாட்களில் சனங்கள் பைகளைத் தோணாவில் எறிந்தார்கள். ஊர் நடுவே கடலுக்குப் போகும் அந்த நீரோடை மாரியில் அடைத்துக்கொள்ள, தண்ணீர் வீடுகளுக்குள் வந்தது. போத்தல், பிளாஸ்டிக், கடதாசி மட்டையைப் பிரித்து விற்க ஒரு கூடம் கட்டினால் கொட்டுவது வெகுவாகக் குறையும் என்றார் சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“குப்பைக்கு வீடு கட்டப் போறீங்க. மனிசருக்கு?” என்று கேட்டேன்.

“தங்கச்சி, குப்ப ரோட்டில கிடந்தா முழு ஊருக்கும் காய்ச்சல். வீடில்லாட்டி அந்தக் குடும்பத்துக்கு மட்டும்தானே கஷ்டம்” என்றார் அவர். பொறுமையான மனிதர், கோபமே வராது. அதனால் எனக்குக் கோபம் இரண்டு பங்காக வரும்.

நான் பேசியது என் பக்கத்து வளவு ராத்தாவை நினைத்துத்தான். எனக்கு அக்கா மாதிரி, புருஷன் மௌத்தானவர், இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் முடிப்போம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ராத்தா மூத்தவளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, இளையவளோடு குசினிக்குப் பக்கத்தில் சாய்வாக இறக்கிய பத்திக்கு, ஒரு சின்னக் கூரைக்குக் கீழே, போனார். அங்கேயே விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தார். மழை பெய்தால் இடியப்பத் தட்டுகளை முதலில் மூடிவிட்டுத்தான் தன் தலையை மூடுவார். இப்போது இளையவளுக்குச் சம்பந்தம் பேசி வந்திருந்தது, கொடுக்க வீடில்லை.

நிறைய இழுபறிக்குப் பிறகு, காணியின் ரோட்டோரப் பாதியில் குப்பை பிரிக்கும் கூடமும் பின்பாதியில் வரிசையாகச் சின்ன வீடுகளும் என்று முடிவானது. நான் விட்டுக்கொடுத்தேன், தவிசாளரும் விட்டுக்கொடுத்தார். அடுத்தது வீடு யாருக்கு என்பது. ராத்தாவின் பெயர் வந்ததும் ஒரு உறுப்பினர் கை தூக்கினார்.

“அவக்கு வீடு இரிந்ததுதானே? குடுத்ததுக்குச் சபை என்ன செய்ற?”

“குடுக்காத உம்மா இந்த ஊரில ஆரு? உங்கட உம்மா கடைசிக் காலத்தில எந்த வீட்டில இரிந்தாங்க, செல்லுங்க பாப்பம்!” என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் கொஞ்சம் கூடிப்போய்விட்டது போலத் தோன்றியது, ஆனால் வாபஸ் வாங்கவில்லை. ராத்தாவின் பெயர் முதலாவதாக எழுதப்பட்டது.

வீடுகள் எழும்பின. கூடமும் எழும்பியது. போத்தலும் மீன்தலையும் ஒரே பையில் போடக்கூடாது என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் என் மருமகன் ஒரே பையில்தான் போட்டார். பிரிக்கிறது யார்? இந்த உறுப்பினர்தான், பின்வாசலில் குந்தியிருந்து.

சாவி கொடுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் சபை போட்ட ஒரு நிபந்தனையை நான் சரியாகக் கவனித்தேன். வீட்டைப் பெற்றவர் தன் வாழ்நாளில் அதை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ கூடாது. முன்பு இலவசமாகக் கிடைத்த வீடுகளைச் சிலர் விற்றுத் தின்றதால் வந்த நிபந்தனை அது. எழுதிக் கொடுக்க முடியாத வீட்டை வைத்து ராத்தா எப்படி மகளைக் கரைசேர்ப்பார்? அடுத்த கூட்டத்தில் அந்த நிபந்தனையை நீக்கக் கேட்டு ஒரு பிரேரணை எழுதினேன். ஆதரவுக்கு ஆட்களையும் பிடித்து வைத்தேன். ராத்தாவுக்குச் சொல்லவில்லை. நல்ல செய்தியாகக் கொண்டுபோவோம் என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தார். ராத்தா என்னையும் கூப்பிட்டார். பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம். புதுச் சுண்ணாம்பு மணம். ரோட்டுப் பக்கக் கூடத்தில் யாரோ போத்தல்களைச் சாக்கில் கொட்டும் சத்தம். மாப்பிள்ளையின் உம்மா மூக்கைச் சுளித்து முகர்ந்து பார்த்தார். நாற ஒன்றுமில்லை, அங்கே காய்ந்த சாமான்தான் வரும். அறையைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார்.

“வீடு சின்னண்டாலும் பரவால்ல. எப்ப புள்ளட பேருக்கு எழுதுவீங்க?”

நான் வாயைத் திறந்தேன். நாளைக்கு எல்லாம் சரியாகும் என்று சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் ராத்தா கையை விரித்தார்.

“எழுத ஏலாதே மச்சி. நான் என்ன செய்ற? சபை விடுதில்லயே. நான் உசிரோட இரிக்கும் மட்டும் என்ட பேரிலதான் இரிக்கணுமாம். புள்ளயும் மாப்பிளயும் அந்த அறையில இரிக்கட்டும். நான் இதில இரிப்பன்.”

மாப்பிள்ளையின் உம்மா என்னைப் பார்த்தார். “மெய்தானா?”

ராத்தாவும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. சட்டி தூக்கும்போது மறுகாதைப் பிடிக்கச் சொல்வாரே, அப்படிப் பார்த்தார்.

“ஓம், மெய்தான்” என்றேன்.

மாப்பிள்ளையின் உம்மா, பொடியனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழும்பினார். சம்பந்தம் முறிந்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் படலையைத் தாண்டியதும் ராத்தாவிடம் பிரேரணையைப் பற்றிச் சொன்னேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

“அத எடுத்திராதகா! நானாக் குடுக்க மாட்டனெண்டு சென்னா ஊர் காறித் துப்பும், புள்ளக்கும் மனசு நோகும். சபை விடுதில்லண்டா ஆருக்கும் கோவமில்ல. ஒரு வீட்டக் குடுத்துட்டுப் பத்தியில கிடந்தது எனக்குத்தான் தெரியும். இன்னொருக்கா ஏலா.”

பிரேரணைத் தாளை எட்டாக மடித்துக் கைப்பைக்குள் போட்டேன்.

மறுநாள் கூட்டத்தில் தவிசாளர் கேட்டார். “பிரேரணை ஒண்டு இரிக்கெண்டு சென்னீங்களே தங்கச்சி?”

“இல்ல தவிசாளர் நானா. நிபந்தனை நல்லாத்தான் இரிக்கி. அப்படியே இரிக்கட்டும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு தரம் பார்த்தார். நான் சண்டை போடாமல் உட்கார்ந்தது அவருக்குப் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கிழமையே மாப்பிள்ளை வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. பொடியன் கடலுக்குப் போகிறவன். மாமி வீட்டில் இருந்தால் விடியற்காலையில் சுடச்சுட இடியப்பம் கிடைக்கும் என்று சொன்னானாம்.

நிபந்தனை அப்படியே இருக்கட்டும் என்று சொன்ன அன்று, கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்து வந்தேன். மருமகன் வெளியே போயிருந்தார், மகள் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். அந்தக் கதவுக்கு முதிரைப் பலகை தேடி நானும் என் புருஷனும் கடை கடையாக அலைந்தோம். மகளின் நிக்காஹ் அன்று சந்தோஷமாகவே வீட்டை எழுதிக் கொடுத்தேன். இப்போது நான் இருப்பது பின்னறையில். என் மகள் நல்லவள், ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் மனசு வலித்தது. ஒரு மாரிகாலம் முழுக்க வீடில்லாதவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். என்னையும் அந்த வரிசையில் சேர்க்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

கதவைத் தட்டினேன்.

“ஆரு?” என்றாள் மகள் உள்ளிருந்து.