சமைக்கக் கூடாத அறை

சிங்கப்பூருக்கு வருவதற்கு முன் அக்கா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "ஒரு ஆளுக்கு மாசம் எவ்வளவுடி ஆகும்? உள்ளதைச் சொல்லு."

கூடப் பிறந்தவர் இல்லை; கோயம்புத்தூரில் ஒரே அலுவலகத்தில் நான்கு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம் ஒரு கணக்கு வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. கணவருக்கு நிலையான வருமானம் இல்லை. மகள் ஒன்பதாம் வகுப்பு. நான் ஒரு வருடம் முன்பே இங்கே வந்துவிட்டதால் என்னைக் கேட்டார்.

எனக்கு விடை தெரியாது. நான் ஃபேரர் பார்க்கில் அத்தை வீட்டில் இருந்தேன். வாடகை என்று பேருக்குக் கொஞ்சம் கொடுப்பேன். அதையும் பாதி மாதங்களில் அத்தை வாங்க மாட்டார். மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வெளிநாட்டில் தனியாக நின்று சமாளிப்பவள் என்று அக்கா என்னை நினைத்திருந்தார். அந்த நினைப்பைக் கெடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் ஒரு கணக்குப் போட்டு அனுப்பினேன். பூன் லே பக்கம் ஓர் அறை. அலுவலகத்தில் யாரோ சொன்ன தொகை. சாப்பாட்டுக்கு, அத்தையோடு தேக்கா மார்க்கெட் போனபோது பார்த்த அரிசி, பருப்பு, காய்கறி விலை. ரயில், போன். மருந்து, டாக்டர் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. கீழே, "தாராளமா இருக்கலாம் அக்கா" என்று எழுதினேன்.

வந்து இறங்கிய அன்று அக்கா அத்தை வீட்டில்தான் சாப்பிட்டார். மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அத்தை என் துணிகளை மடித்து என் அறைக்குள் வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாலையில் அவரை பூன் லேக்கு அழைத்துப் போனேன். வீட்டுக்காரம்மா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: "கூக்கிங் மட்டும் வேணாம்மா. காப்பி போடலாம், மேகி போடலாம், அவ்வளவுதான். ஸ்மெல் வந்தா என் மருமகளுக்குப் பிடிக்காது லா."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். என் கணக்கில் சாப்பாடு என்று இருந்தது முழுவதும் சமைத்துச் சாப்பிடும் செலவு. அந்த நிமிடமே அது எனக்குப் புரிந்துவிட்டது. "வெளியே சாப்பாடு இங்க மலிவுதான் அக்கா" என்றேன்.

அதன்பின் எப்போது வீட்டுக்குச் சாப்பிட அழைத்தாலும், "இந்த வாரம் வேண்டாம்டி, வேலை" என்பார். நான்காவது மாதம் கோயிலில் பார்த்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. "இளைச்சு அழகாயிட்டீங்க அக்கா" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கும் அளவுக்கு எனக்கு அவர் குரல்கூட ஞாபகம் இல்லை.

ஏழாவது மாதம் ஒரு காலையில் அவர் அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. மேசையிலேயே சரிந்துவிட்டார். பக்கவாதம். "பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவாரா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். அவருக்கு ரத்த அழுத்தம் இருந்ததே எனக்குத் தெரியாது.

மாற்றுத் துணி எடுக்க பூன் லேக்குப் போனேன். வீட்டுக்காரம்மா அறை வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"அந்தப் புள்ள மாத்திரையைக் கத்தியால ரெண்டா வெட்டுவா. நான் பார்த்தேன். என்னான்னு கேட்டேன், பெருசா இருக்கு, முழுங்க முடியலைன்னா. நான் நம்பிட்டேன்." பிறகு, "கூக்கிங் வேணாம்னு நான்தான் சொன்னேன். ஒரு கஞ்சி வச்சா நான் என்ன சொல்லப்போறேன், சொல்லுங்க? கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

நான் அலமாரியைத் திறந்தேன். துணிகளுக்குப் பக்கத்தில் ரொட்டிப் பாக்கெட் ஒன்று, வாய் கட்டியபடி இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை அட்டையில் கடைசி இரண்டு மிச்சம் இருந்தன.

நான்கு நாளில் கணவர் வந்தார். ஆஸ்பத்திரி நடைவழியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க போட்டுக் குடுத்த கணக்க வச்சுத்தானுங்க வீட்டு லோனே எடுத்தோம். அவ ஒரு மாசம்கூடத் தவறாம பணம் அனுப்பினாளுங்க. இவ்வளவு தூரம் வந்து, நீங்க இருந்தீங்கன்னுதான் எனக்குத் தைரியமுங்க."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். "பரவாயில்லைங்க" என்றுதான் என் வாயில் வந்தது.

அக்கா பிழைத்துக்கொண்டார். வலது கை திரும்பவில்லை. பேச்சு பாதிதான் திரும்பியது. சக்கர நாற்காலியில் ஊருக்குப் போனார். நான் ஃபேரர் பார்க்கை விட்டுத் தனி அறைக்கு மாறினேன். அங்கே முதல் மாதச் செலவே நான் எழுதிக் கொடுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. அந்த மாதம் முழுக்க, தட்டில் சோறு விழும்போதெல்லாம் எதிரே யாரோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சொல்லிவிட்டேன். "அக்கா, அந்தக் கணக்கு பொய். எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாமத்தான் போட்டேன்."

மூச்சுதான் முதலில் கேட்டது. பிறகு ஒவ்வொரு சொல்லாக வந்தது. "தெரியும்... உன் அத்தை வீட்ல... சாப்பிட்டனே... அன்னிக்கே."

"அப்புறம் ஏன் அக்கா கேக்கல?"

"கேட்டா... சொல்லியிருப்பியா?"

கோபம் இல்லை அந்தக் குரலில். அறிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். காத்திருந்தார். கடைசியில் மகள் போனை வாங்கி, "அம்மாவுக்குப் பேசினா களைப்பாயிடும் ஆன்ட்டி" என்று வைத்துவிட்டாள்.

இப்போதும் மாதம் ஒருமுறை அழைக்கிறேன். மகள்தான் எடுக்கிறாள். "நல்லா இருக்காங்க ஆன்ட்டி" என்கிறாள். பின்னால் அக்கா இருமுவது, நாற்காலி நகர்வது எல்லாம் கேட்கும். அவரிடம் கொடு என்று நான் சொல்வதில்லை.