இறந்தவர் வரியில் நான் அடித்த பெயர்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லாதவள் நான். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

பெரம்பலூரில் காவல்துறை அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை. காக்கி போடாத ஆள். "போலீஸ்லயா, ஜம்முன்னு இருப்பியே" என்பார்கள். எனக்கு வந்ததெல்லாம் சாவுக் கட்டு. ரோட்டில் அடிபட்டவர், கிணற்றில் விழுந்தவர், பூச்சிமருந்து குடித்தவர், எல்லாருடைய அறிக்கையையும் கார்பன் வைத்து நான்தான் அடிப்பேன். முதல் வருஷம் அழுதுகொண்டே அடித்தேன். அப்புறம் முறுக்கு தின்றுகொண்டே அடித்தேன். ஏழாம் வருஷம் என்ன அடிக்கிறேன் என்றே பார்க்கவில்லை. மகள் காய்ச்சலில் முனகினாலும் எரிச்சல்தான் வந்தது. ஜெபத்தை மட்டும் விடவில்லை, அதையும் டைப் அடிப்பதுபோலத்தான் செய்தேன்.

2002இல் ஒரு திங்கட்கிழமை காலை, அரும்பாவூர் செல்லம்மாள் என் மேஜைக்கு வந்தார். புருஷனை லாரி அடித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. துணைக்கு விமலா என்று ஒரு சமூகப் பணியாளர். செல்லம்மாள் கையில் நான் அடித்த நகல்.

"செத்தவங்கன்னு எம் பேரு போட்டிருக்குங்கம்மா."

வாங்கிப் பார்த்தேன். தகவல் கொடுத்தவர் ஒரு வரி, இறந்தவர் அடுத்த வரி. மாற்றி அடித்திருக்கிறேன். செத்த மனுஷன் வந்து தன் பெண்டாட்டி செத்ததைச் சொல்லியிருக்கிறார்! கீழே அதிகாரியின் கையெழுத்து வேறு. அவரும் பார்க்கவில்லை.

"பரவால்லீங்க. நானும் போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார் செல்லம்மாள்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'ஐயோ, நாலு நகலையும் திரும்ப அடிக்கணுமே.' அவ்வளவுதான். மறுநொடியே தூக்கிவாரிப்போட்டது. நானா இப்படி நினைத்தேன்? நாலு நகலையும் திருத்தி அடித்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் அடுப்படியில் அரிசி களைந்தபடியே கேட்டேன். "ஆண்டவரே, நான் கல்லாயிட்டேன். எனக்கு அழுகையாவது குடுங்க." வெகு நாளைக்குப் பிறகு நான் உணர்ந்து செய்த ஜெபம் அது.

மறுநாள் விமலா தனியாக வந்தார். புகார்தான், வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, தெனமும் இதையேதான் அடிக்கிறீங்களா? யாருகிட்டயாவது சொல்லி அழுதிருக்கீங்களா?"

ஏழு வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. மேஜையிலேயே கவிழ்ந்து அழுதேன். முகமெல்லாம் கார்பன் மை. நான் கேட்டது ஒரே நாளில் வந்துவிட்டதே என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

விமலா அதிகாரியிடம் விடாமல் பேசினார். சாவுக் கட்டு நாலு பேருக்குப் பிரிந்தது. சனிக்கிழமைதோறும் மதியம் ஒரு மணி நேரம் அலுவலகத்தில் எல்லாரும் விமலாவோடு உட்காருவோம். அந்த வாரம் அடித்ததில் மனதைவிட்டுப் போகாத பெயரைச் சொல்லுவோம். முதல் சனிக்கிழமை முதலில் அழுதது, எங்களை எந்நேரமும் விரட்டும் தலைமை எழுத்தர்!

அரும்பாவூருக்கும் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "மொதல்ல சாப்புடுங்க" என்று செல்லம்மாள் தட்டு வைத்துவிட்டார்.

இன்றைக்கும் பெயர் வரும் வரியில் நிறுத்தி, வாய்விட்டு ஒருமுறை படித்த பிறகே அடிக்கிறேன். மகள் கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்க்கிறேன். செல்லம்மாள் கொண்டுவந்த நகலில் இறந்தவர் வரியில் வந்திருக்க வேண்டியது என் பெயர்தான். ஆண்டவர் திருத்தினார். உங்களில் யாருக்காவது அழுகையே வராமல் போயிருந்தால், அதையே அவரிடம் கேளுங்கள். பக்கத்தில் உட்கார ஓர் ஆளை அனுப்புவார்.