மாணிக்கம் கைவிட்ட செம்பு

மாணிக்கம் போய்விட்டார் என்று போன் வந்தபோது ஆய்வகத்தில் நுண்ணோக்கி பழுதாகிக் கிடந்தது. பழுதுபார்க்கும் ஆளுக்காகக் காத்திருந்தேன். மஞ்சள் காமாலையாம். போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழக்கூடத் தெம்பில்லை. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வெறும் கண்ணுக்குத் தெரியாத நானோ குழாய்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது, வெளியே இருப்பவர்கள் நினைப்பதுபோல அதிசய வேலை அல்ல. ஜன்னலில்லாத அறையில் திரையை வெறித்தபடி குழாயின் சுவர்களைக் கோடு கோடாக எண்ண வேண்டும். மாணிக்கம் மலைமேல் நெல்லிவாசல்நாடு, நான் கீழே வாணியம்பாடி, பேச்சு ஒத்துப்போனது. "கண்ணு பூத்துப் போச்சு பாய், வாங்க, டீ சாப்ட்டு வர்லாம்" என்பார். டீக்கடையிலும் குழாயைப் பற்றித்தான் பேசுவோம்.

தன் குழாய்களுக்குள் செம்பு நிறைந்திருக்கிறது என்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. எலக்ட்ரான் கதிரை விட்டால் அங்கே என்ன உலோகம் இருக்கிறதென்று கருவி காட்டும். ஆனால் மாதிரியை வைக்கும் சல்லடை செம்பாக இருந்தால் அந்தச் செம்பே கணக்கில் வந்துவிடும். நம் எல்லோருக்கும் தெரிந்த கண்ணி அது. அதனால் நிக்கல் சல்லடைக்கு மாறினார். அப்போதும் செம்பு வந்தது. நெறியாளர் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்.

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய வாரத்தில், சல்லடையில் குழாயே இல்லாத ஓர் ஓட்டையில் மாணிக்கம் கதிரை விட்டுப் பார்த்தார். அங்கும் செம்பு. சல்லடையைப் பிடித்திருந்த கவ்வியிலிருந்து வந்திருக்கிறது.

"ஒன்னுமே இல்லாத எடத்துலயும் செம்பு காட்டுது பாய்" என்றார்.

"இப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

"போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

நெறியாளர் கத்தியது நடைவழி முழுக்கக் கேட்டது. மாணிக்கம் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பொய்னு தெரிஞ்சப்புறம் அதுக்குக் காவல் காக்க நம்மால ஆவாது" என்றார். ஆய்வை முதலிலிருந்து தொடங்கினார். முடிப்பதற்குள் போய்விட்டார். நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது, யார்மேல் என்று தெரியவில்லை.

காரியத்துக்கு ஷேர் ஜீப்பில் மலையேறிப் போனேன். கூட்டம் கலைந்ததும் அவருடைய அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அத்தினி வருசம் பாத்தானே, அந்தக் குழாய்ல இன்னாதாங்க இருந்துச்சி?"

"ஒன்னும் இல்லீங்க. காலியாத்தான் இருந்துச்சி."

"செம்பு இருக்குதுன்னானே?"

"இல்லன்னு கண்டுபுடிச்சதும் அவருதாங்க."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப சரியாத்தான் பாத்துருக்கான்" என்றார்.

நுண்ணோக்கி மறுபடி ஓடுகிறது. எதைக் கண்டுபிடித்தாலும், ஒன்றுமில்லாத இடத்திலும் ஒருமுறை கதிரை விட்டுப் பார்க்கிறேன். மாணிக்கத்திடமிருந்து என்னிடம் தங்கியது இந்த ஒரு பழக்கம்தான். அலுப்பாக இருக்கிறது. விடவும் முடியவில்லை.