நடு வீட்டுப் பெட்டி

எங்கள் வீடு ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் இருக்கிறது. தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு பாத்திரக்கடை மட்டும்தான். கடைக்குப் பின்னால் ஒரு வீடு தொடங்கி, போய்க்கொண்டே இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. என் மாமனாரின் அப்பா முதலில் கடையை வாங்கினார். பிறகு அதன் பின்னால் இருந்த வீட்டை, அதற்கும் பின்னால் பக்கவாட்டில் திரும்பியிருந்த கிடங்கை. எதையும் இடித்துக் கட்டவில்லை. சுவர்களில் வாசல் உடைத்துச் சேர்த்துக்கொண்டார். அதனால் வீடு நீளமாகப் போய், கடைசியில் முட்டியை மடக்கிக்கொண்டு வலது பக்கம் திரும்பும். ஒவ்வொரு கட்டுக்கும் தரைமட்டம் வேறு. சுவரெல்லாம் கல்லும் சுண்ணாம்பும். ஜன்னல் குழியில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம், அவ்வளவு கனம்.

மாமனார் போன பிறகு மூன்று பிள்ளைகளும் பிரித்துக்கொண்டார்கள். கடையும் முன் வீடும் பெரியவருக்கு. நடு வீடு இரண்டாமவருக்கு. பழைய கிடங்கு கடைசிப் பிள்ளையான என் கணவருக்கு. மாடிப்படி நடு வீட்டில் இருந்தது. துணி காயப்போட நாங்கள் அந்தப் படியில் ஏறலாமா கூடாதா என்று தொடங்கிய பேச்சு, அண்ணன் தம்பி சட்டையைப் பிடிக்கிற வரை போனது. அடுத்த வாரமே நடு வீட்டுக்காரர் கொத்தனாரை அழைத்து எங்கள் பக்கத்து வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். அன்றிலிருந்து நாங்கள் பக்கத்துச் சந்து வழியாகத்தான் தெருவுக்கு வருகிறோம். என் கணவரும் நடு அண்ணனும் எதிரெதிரே வந்தால், இரண்டு பேரில் ஒருவருக்கு உடனே செருப்பு வார் அறுந்துவிடும், குனிந்துகொள்வார்கள்.

நான் இதே ஊரில் பாலகாட் பக்கம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். கடைத்தெருக் குடும்பத்தில் என்னைப் போல ஒருத்தியை எடுக்க மாட்டார்கள். இவர்தான் பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டார். "பொண்ணு டிகிரி படிச்சிருக்கா" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் பின்னால் நடந்தது இவ்வளவு வலித்திருக்காது.

எங்கள் இரண்டு பெண்களில் சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் எனக்கு வேலை கிடைத்தது. பெங்களூரில் ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரி பில்களை இன்சூரன்சுக்கு அனுப்பும் முன்னால் சரிபார்க்கிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், நெட் மட்டும் விட்டுப்போகக் கூடாது என்றார்கள். எங்கள் கிடங்கு வீட்டுக்குள் போனில் சிக்னல் ஒரு கோடு கூட வராது. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றால் வரும். முதல் மாதம் அந்தக் கல் மேல் பலகை போட்டு, லேப்டாப்பை வைத்து, தலையில் துண்டு போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். அக்கம்பக்கத்து மாடிகளிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஃபைபர் இணைப்பு தெருப்பக்கம்தான் வரும். எங்கள் சந்தில் கம்பம் கிடையாது. முன் வீட்டில் பெரியவர் இணைப்பு வைத்திருந்தார். அதிலிருந்து எடுத்துக்கொள் என்றார். மொட்டை மாடி வழியாகக் கேபிள் இழுத்தோம். குரங்குகள் அதைப் பிடித்துத் தொங்கி, ஒரே வாரத்தில் இரண்டு தரம் அறுத்தன. சந்துச் சுவரோடு இழுக்கலாம் என்றால், அது நடு வீட்டுச் சுவர். லைன்மேன் ஆணியை எடுத்து வைத்ததுமே உள்ளேயிருந்து குரல் வந்தது: "என் செவுத்துல ஒரு ஆணி எறங்கக் கூடாது."

அப்போதுதான் மெஷ் என்று ஒன்று இருப்பதைப் படித்தேன். ஒரே மாதிரி மூன்று பெட்டிகள். முதல் பெட்டி மோடத்தோடு சேரும். அடுத்தது அதனிடமிருந்து அலையை வாங்கி அதற்கடுத்ததுக்குத் தரும். கம்பி வேண்டாம். ஆனால் முன் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நேராகத் தாண்டாது. அந்தச் சுவர்களும் அந்தத் திருப்பமும் விடாது. நடுப்பெட்டி நடு வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

நடு வீட்டு ஓரகத்தி பூதிகோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். ஆண்கள் பேசிக்கொள்ளாவிட்டாலும் நாங்கள் இரண்டு பேரும் காய்கறி வண்டி அருகே பேசிக்கொள்வோம். அங்கேயே கேட்டேன்.

"அக்கா, ஒரு சின்ன பெட்டி. பிளக்குல சொருகினா போதும். ஆணி வேணாம், ஒயர் வேணாம்."

"இன்னா பெட்டி?"

"நெட்டு பெட்டி. முன் வூட்ல ஒன்னு, உங்க வூட்ல ஒன்னு, எங்க வூட்ல ஒன்னு. அது சொல்றத இது கேட்டு எனக்கு அனுப்பும். நடுவுல ஒன்னு இல்லன்னா எங்க வூட்டுக்கு வராது."

அவள் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "இந்த வூட்டு ஆம்பளைங்களால ஆவாதது பெட்டியால ஆவுதா? சரி, புள்ளைங்களுக்கும் நெட்டு வரும்னு சொல்றேன். வேணாம்னு சொல்ல மாட்டாரு."

சொல்லவில்லை. நடு வீட்டுக்காரர் வெளியே போயிருந்த நேரத்தில், வாசலை அடைத்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக முன்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். பெட்டியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். எங்கள் பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது. இரும்பு பீரோ பக்கத்தில் வைத்தேன், அதுவும் சிவப்பு. நான் ஒவ்வொரு இடமாக மாற்றுவேன், என் கணவர் எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, துவைக்கிற கல்லுக்கு ஓடிவந்து போனில் நிறம் சொல்வார். கடைசியில் அடுப்படி ஜன்னல் குழியில், ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவில் வைத்ததும் அவர் கத்தினார்: "வெள்ளை! வெள்ளை வந்துடுச்சு!" அந்தச் சந்தோஷம் நடிப்பில்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

துவைக்கிற கல்லை விட்டு அறைக்குள் வந்தேன். சேலைப் பெட்டிகள் இருந்த சின்ன அறையில் மேஜை போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். சில மாதங்களில் ஒரு சின்னக் குழுவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தந்தார்கள். அடுத்து இன்னும் பெரிய குழு, நிரந்தரப் பதவி என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். என் கணவர் அப்போது தன் ஃபேன்ஸி ஸ்டோரை மூடிவிட்டு, பெரியவரின் பாத்திரக்கடையில் தராசுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். காலையில் கடைக்குக் கிளம்பும்போது தினமும் கேட்பார்: "இன்னிக்கு மீட்டிங் எப்போ?" நான் சொல்வேன். என் வேலையில் அவருக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொள்வேன். குழுவில் இருந்த பெண்களிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு நெட் போக ஆரம்பித்தது. சும்மா இருக்கிற நேரத்தில் போகாது. மேலதிகாரிகளோடு பேச உட்கார்ந்து, நான் வாயைத் திறக்கும் நேரத்தில் பெட்டி சிவப்பாகும். பத்து நிமிடம், இருபது நிமிடம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கல்லுக்கு ஓடினாலும், சேர்வதற்குள் கூட்டம் முடிந்திருக்கும். தப்பு என் பக்கம்தான் என்று நினைத்து எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். பெட்டிகளின் செட்டிங்கை அழித்து முதலிலிருந்து பதிந்தேன். வோல்டேஜ் என்றார்கள், பேட்டரி வாங்கினேன். நடு வீட்டு மிக்ஸி ஓடுவதால் இருக்கும் என்றார்கள். ஓரகத்தியிடம் அந்த நேரத்தில் சட்னி அரைக்காதே என்று கெஞ்சினேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சரி என்றாள். நடு வீட்டுக்காரர்தான் வேண்டுமென்று நிறுத்துகிறாரோ என்றும் தோன்றியது. கணவரிடம் சொன்னேன்.

"ஐயே, அப்டிலாம் பண்ண மாட்டாரு," என்றார். "பழைய செவுரு. வெயில்ல சூடாவுது இல்ல, அதான். இன்னா பண்றது சொல்லு."

அண்ணனுக்காக அவர் பரிந்து பேசியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நல்ல மனசு என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்காகப் பரண் மேல் ஏறி, எங்கள் பெட்டியை உயரத்தில் கட்டித் தந்தார். வியர்வை வழிய இறங்கி வந்தவருக்கு மோர் கலந்து கொடுத்தேன்.

அந்தப் பதவி வேறொருத்திக்குப் போனது. மேலதிகாரி கோபமாகப் பேசவில்லை. "உங்க வேலையில குறை இல்லைங்க. ஆனா உங்கள நம்பி மீட்டிங் வைக்க முடியல," என்றார். அடுத்த மாதத்திலிருந்து பெங்களூர் ஆபீசுக்கு வரலாம், அல்லது விலகிக்கொள்ளலாம் என்று கடிதம் வந்தது. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு தினமும் பெங்களூர் போய்வருவது எப்படி? விலகுவதாக முடிவு செய்தேன், கம்பெனிக்கு இன்னும் எழுதவில்லை. கணவரிடம் சொன்னதும், "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை மல்லிகைப்பூ வாங்கிவந்தார்.

மறுநாள் பெட்டியைத் திரும்ப எடுத்துவர நடு வீட்டுக்குப் போனேன். ஓரகத்தி ஜாடிகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்துத் துடைத்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கொடுக்கவில்லை.

"வேலைய வுட்டுட்டியா?"

"ஆமா அக்கா. நெட்டு நிக்கல இல்ல."

"நீ எங்க வூட்டுக்காரர தப்பா நெனச்சிக்கினு இருக்கே. அவரா நிறுத்தினது இல்ல."

"அப்ப நிறுத்தினது நெஜமா?"

அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உன் வூட்டுக்காரர் போன் பண்ணுவாரு. அப்புறம்தான் இவரு வந்து சுவிட்ச ஆஃப் பண்ணுவாரு. அண்ணன் தம்பி பேசிக்கறாங்களே, நல்லதாச்சேன்னு மொதல்ல எனக்கு சந்தோஷம். இன்னா பேசறாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ரெண்டு வாட்டி நான் திருப்பிப் போட்டேன். அடிக்க வந்துட்டாரு."

அத்தனை வருடம் முகம் பார்க்காத இருவர், பேசுவதற்கு இந்த ஒரு விஷயம்தான் கிடைத்திருக்கிறது. மாமனாரின் திவசத்துக்குப் பேசவில்லை. பெரியவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பேசவில்லை. என் வேலையைக் கெடுக்கப் பேசிக்கொண்டார்கள்.

பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, எதிரே உட்கார்ந்தேன்.

"உங்க நடு அண்ணன்கிட்ட பேசறீங்களாமே."

கை தட்டிலேயே நின்றது. "யாரு சொன்னாங்க?"

"யாரோ. காலைல தினம் மீட்டிங் எப்போன்னு கேட்டீங்களே, இதுக்குத்தானா?"

அவர் பிசைந்த சோற்றையே திரும்பப் பிசைந்தார். நான் எழவில்லை. கடைசியில் அவரே பேசினார், என்னைப் பார்க்காமல். "நீ கதவ சாத்திக்கினு உள்ள இங்கிலீஷ்ல ஆளுங்கள வேலை வாங்கற. கடைக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும் கேக்கறான். உனக்கு இன்னாப்பா கவலை, வூட்டம்மா சம்பாதிக்கறாங்கன்னு. பெரிய அண்ணனே கஸ்டமர் முன்னாடி சொல்லி சிரிக்கறாரு. நான் இன்னா பண்ணட்டும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா வேலைய வுட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்," என்றார். சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

அந்த 'அதான்' என் காதில் இன்னும் இருக்கிறது. திட்டியிருந்தாலோ அழுதிருந்தாலோ, நானும் ஏதாவது செய்து ஆற்றிக்கொண்டிருப்பேன். கணக்கு சரியாகிவிட்ட மாதிரி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மோருக்குக் கையை நீட்டினார். ஊற்றினேன். பிறகு அறைக்குள் போய், பெங்களூருக்கு வருகிறேன் என்று கம்பெனிக்கு எழுதினேன்.

"அவ்ளோ தூரம் தெனமுமா? புள்ளைங்க?" என்று கேட்டார்.

"நீங்க இருக்கீங்க இல்ல," என்றேன்.

இப்போது குழந்தைகள் எழுவதற்குள் ரயில் ஏறுகிறேன். பங்காரப்பேட்டை ஜங்ஷன் தாண்டியும் பல நாள் நின்றுகொண்டுதான் போகிறேன். திரும்பும்போது சின்னவள் தூங்கியிருப்பாள். பெரியவள் தானே சடை பின்னிக்கொள்கிறாள். வகிடு கோணலாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் சரிசெய்ய உட்கார்ந்தால், "பரவால்லமா, இப்டியே பழகிட்டேன்" என்று நழுவிவிடுகிறாள். ஆபீசில் எனக்கு மேலே இருப்பவள், அன்று என் இடத்துக்கு வந்தவள். நல்ல பெண்தான். அவள் தப்பு எதுவும் இல்லை என்று தெரிந்தும் அவளிடம் என்னால் சிரித்துப் பேச முடியவில்லை.

இந்தப் பொங்கலுக்கு மூன்று வீட்டுக்கும் ஒரே பானை வைத்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து அண்ணன் தம்பி ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்று கண் கலங்கினார்கள். ஒரு சித்தப்பா என் தலையில் கை வைத்து, "எல்லாம் நீ வந்த நேரம்மா. ஏதோ மிஷின் வாங்கி வெச்சியாமே, அத சாக்கா வெச்சி பேச ஆரம்பிச்சாங்களாம்" என்றார். என் கணவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கரும்பை வெட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. ஓரகத்தி மட்டும் அடுப்படிக்கு வந்து என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனாள். என்னிடம் சொன்னதற்காக அவளுக்கு அந்த வீட்டில் என்ன கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அவள் கையில் வளையல் இருந்த இடத்தில் கன்றிப்போன பச்சைத் தடம் ஒன்று இருந்தது.

அவர் இப்போது மத்தியானம் கடையிலிருந்து வந்து சமைக்கிறார். ரசம் நன்றாக வைக்கிறார். ராத்திரி எனக்கு மூடி வைத்திருப்பார். நான் சூடு பண்ணாமல் அப்படியே சாப்பிடுகிறேன். நல்லா இருக்கா என்று கேட்பார். நல்லா இருக்கு என்பேன். அதற்கு மேல் அவர் எதையும் கேட்டதில்லை. கேட்டால் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது. அது அவருக்கும் தெரியும்.